பாம் நகரம் நிலப்பிளவின் ஓரத்தில் ஏன் இருந்தது?

கேள்வி: 2024 டிசம்பர் 26, காலை 8.15

சுனாமி வந்து இருபது ஆண்டு என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அதற்குச் சரியாக ஓராண்டு முன்னால், 2003 டிசம்பர் 26 அன்று, ஈரானில் பாம் என்ற நகரம் நிலநடுக்கத்தில் அழிந்ததை இங்கே ஒருவர் நினைவூட்டியிருந்தார். வருத்தமான செய்திதான். ஆனாலும் கேட்கிறேன். பாலைவனத்தில், நிலப்பிளவு ஓடும் இடமாகப் பார்த்து ஊரைக் கட்டிக்கொண்டு, மண்வீட்டில் குடியிருந்தால் வேறென்ன நடக்கும்? அவ்வளவு பெரிய நாட்டில் வேறு இடமா கிடைக்கவில்லை?

டிசம்பர் 26, காலை 11.05

நினைவூட்டியது நான்தான். பாம் இருக்கும் கெர்மான் மாகாணத்தில் ஒரு தொழிற்சாலைக் கட்டுமானத்தில் சிவில் பொறியாளராக இருந்தேன். அது நிலநடுக்கத்துக்குச் சில ஆண்டுகள் கழித்து. வெள்ளிக்கிழமை விடுமுறைகளில் பாமுக்குப் போவேன். அந்த ஊர்மேல் எனக்குப் பற்று உண்டு. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கடலோரத்தில் ஏன் குடியிருந்தீர்கள் என்று நாகப்பட்டினத்து மீனவரிடம் யாராவது கேட்டால் நமக்குச் சுருக்கென்று இருக்கும். அவருக்குச் சோறு போடுவது கடல் என்று உடனே சொல்வோம். பாமுக்கும் அதே பதில். அங்கே சோறு போட்டது நிலப்பிளவு.

லூத் பாலைவனத்தின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கிறது பாம். நிலத்தின் மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறுவதைச் செயற்கைக்கோள் பதிவு செய்த பாலைவனம் அது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 10 சென்டிமீட்டரைத் தொடாது. தென்மேற்கே ஜெபால் பாரேஸ் மலைத்தொடரில் விழும் மழையும் பனியும் சரளை மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடியில் பாலைவனத்தை நோக்கி நகர்கின்றன. அப்படியே விட்டால் ஆழத்தில் போய் மறைந்துவிடும் நீர் அது.

நடுவில் தடுப்பது நிலப்பிளவு, அதாவது பூமிக்கடியில் பாறை உடைந்து இருபக்கமும் நகரும் இடம். பிளவின் இருபுறப் பாறையும் பல்லாயிரம் ஆண்டுகளாக ஒன்றோடொன்று உரசி உரசி நைந்து, மாவுபோல் களிமண்ணாகிவிடுகின்றன. களிமண் தண்ணீரை விடாது. வயலில் வரப்பு போட்டால் மேட்டுப் பக்கம் நீர் நிற்பதுபோல, மலைப் பக்கத்தில் நிலத்தடி நீர் தேங்கி மேலே ஏறுகிறது. பாமுக்கும் கிழக்கே உள்ள பராவத்துக்கும் நடுவே தாழ்ந்த நீண்ட மேடு ஒன்று வடக்குத் தெற்காக ஓடும். பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெறும் மண்மேடு. ஆனால் அதுதான் பிளவு. அந்த இரண்டு ஊர்களின் தோட்டங்களும் அந்தப் பிளவை நம்பி இருப்பவை.

வேறு இடம் இல்லையா என்று கேட்டீர்கள். இடம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை.

டிசம்பர் 26, பிற்பகல் 2.30

அந்தத் தண்ணீரை எப்படி எடுத்தார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கனாத். மலையடிவாரத்தில், நீர் மட்டம் வரை இறங்கும் தாய்க்கிணறு ஒன்று வெட்டுவார்கள். அங்கிருந்து ஊர் வரை நிலத்துக்கு அடியில் மிக லேசான சாய்வில் ஒரு சுரங்கம். இடையிடையே காற்றுக்கும் மண்ணை மேலே தூக்கவும் செங்குத்துக் குழிகள். மோட்டார் கிடையாது, ஏற்றம் கிடையாது. நீர் தானாக நடந்து வந்து ஊரில் வெளிப்படும். வெயிலில் ஆவியாகிப் போகவும் வழியில்லை.

மேலிருந்து பார்த்தால் தெரிவது குழிகளின் வரிசை மட்டும். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் தோண்டிக் கொட்டிய மண் வட்டமாகக் குவிந்திருக்கும். பராவத் மேட்டில் ஏறி நின்றபோது அந்த வட்டங்கள் என் காலடியிலேயே மேட்டைக் குறுக்காகக் கடந்து போவதைப் பார்த்தேன். ஒரு குழியின் விளிம்பில் மண்டியிட்டுக் குனிந்தேன். மேலே வெயில் கொளுத்துகிறது. முகத்தில் வந்து பட்டது ஈரமான குளிர்ந்த காற்று. கீழே இருட்டு. கொஞ்சம் காது கொடுத்தால் நீர் ஓடும் சத்தம். பிளவின் களிமண்ணைத் துளைத்துக்கொண்டு மறுபக்கத்து நீரை இழுத்து வரும் சுரங்கம் அது. நிலவியல் படிக்காத மனிதர்கள் மண்வெட்டியால் அந்தப் பிளவைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கனாத் முறைக்கு ஈரானில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் சில பாம் பகுதியைச் சேர்ந்தவை என்று யுனெஸ்கோவே குறித்து வைத்திருக்கிறது.

டிசம்பர் 26, இரவு 9.10

பிளவு என்றால் நிலம் வாயைப் பிளந்து ஆளை விழுங்குவது என்று பலர் நினைக்கிறார்கள். சினிமா அப்படிக் காட்டுகிறது. இங்கே பேசுவது பக்கவாட்டில் நகரும் பிளவு. இருபக்கமும் ஒன்றையொன்று விட்டு விலகுவதில்லை. ஒட்டிக்கொண்டே எதிர்த் திசைகளில் போகின்றன. ஒரு பக்கம் நின்று எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். எதிர்ப்பக்கம் வலது கைப் பக்கமாக நகர்ந்தால் வலப்பெயர்ச்சி. லூத்தின் இரு ஓரங்களிலும் வடக்குத் தெற்காக ஓடும் பெரிய பிளவுகள் எல்லாம் இந்த வகைதான்.

காரணம் தெற்கே இருக்கிறது. பூமியின் மேலோட்டுத் துண்டுகளில் ஒன்றான அரேபியத் தட்டு ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வடக்கே தள்ளிக்கொண்டு வருகிறது. ஈரான் நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்குகிறது. கிழக்கே ஆப்கானிஸ்தான் நிலம் ஆசியாவோடு கெட்டியாக ஒட்டி நிற்பதால் நகர்வதில்லை. நகரும் ஈரானுக்கும் நகராத ஆப்கானிஸ்தானுக்கும் இடையிலான உரசலை லூத்தின் இருபுறப் பிளவுகளும் பங்கிட்டுக்கொள்கின்றன.

எனக்கு வியப்பாக இருந்த செய்தி இது. லூத்தின் நடுப்பகுதி இறுகிய ஒரே கட்டி. அங்கே நிலநடுக்கம் அரிது. ஓரங்களில்தான் எல்லாமே உடைகின்றன. நடுவில் தண்ணீர் இல்லை, அதனால் மனிதர்களும் இல்லை. ஓரத்தில் பிளவு, பிளவால் தண்ணீர், தண்ணீரால் ஊர். கிழக்கு ஈரான் வரைபடத்தில் ஊர்களைப் புள்ளி வைத்து இணைத்தால் பல இடங்களில் பிளவுக் கோட்டையே வரைந்துவிடலாம்.

டிசம்பர் 27, காலை 7.20

குஜராத் 2001 ஜனவரி 26, பாம் 2003 டிசம்பர் 26, சுனாமி 2004 டிசம்பர் 26. ஆகவே 26ஆம் தேதி ஆகாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலை ஒருவர் இங்கேயும் ஒட்டியிருக்கிறார். ஈரானிலேயே தபஸ் நகரம் நிலநடுக்கத்தில் அழிந்தது 1978 செப்டம்பர் 16. அதே நாட்டின் தஷ்த்-ஏ பயாஸ் 1968 ஆகஸ்ட் 31. மகாராஷ்டிரத்தின் லாத்தூர் 1993 செப்டம்பர் 30. பிடித்த தேதியை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால் எந்த எண்ணுக்கும் இப்படி ஒரு பட்டியல் தயாராகும். செத்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு சுவருக்கோ கூரைக்கோ அடியில் செத்தார்கள். அதைப் பேசுவோம்.

டிசம்பர் 27, மதியம் 1.00

"பாமில் பதிவான அளவு 6.6 என்றால் மிகப் பெரிய நிலநடுக்கமாக இருக்க வேண்டும், யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது" என்று திண்டுக்கல் நண்பர் எழுதியிருக்கிறார். இல்லை ஐயா. உலகில் இந்த அளவு நிலநடுக்கம் ஆண்டுதோறும் பலமுறை வருகிறது.

இரண்டு ஒப்பீடுகள் தருகிறேன். பாமுக்கு நான்கு நாள் முன்னால், 2003 டிசம்பர் 22 அன்று, கலிபோர்னியாவில் சான் சிமியோன் நிலநடுக்கம். அளவு கிட்டத்தட்ட இதே. பாசோ ரோபிள்ஸ் ஊரில் பழைய செங்கல் கட்டடம் ஒன்று சரிந்து 2 பேர் இறந்தார்கள். அவ்வளவுதான்.

இன்னொன்று பாமுக்குப் பக்கத்திலேயே. கெர்மானுக்கும் பாமுக்கும் இடைப்பட்ட மலைப் பகுதியில் கோக் பிளவு என்று ஒன்று ஓடுகிறது, அதுவும் வலப்பெயர்ச்சிப் பிளவு. 1981 ஜூனில் கோல்பாஃப், அடுத்த மாதமே சிர்ச் என்று இரண்டு பெரிய நிலநடுக்கங்கள் அங்கே ஆயிரக்கணக்கானோரைக் கொன்றன. 1998 மார்ச் 14 அன்று அதே பிளவில் ஃபந்தோகாவில் மறுபடி ஒன்று வந்தது. அளவு அதே 6.6. இறந்தவர்கள் 5 பேர்.

பாமில் 26,000 பேருக்கும் மேல். காயம் சுமார் 30,000 பேருக்கு. ஊரிலிருந்த மக்களே ஏறக்குறைய ஒரு லட்சம்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை 5.26. குளிர் காலம், விடுமுறை நாள், எல்லோரும் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தார்கள். உடைப்பு தெற்கிலிருந்து வடக்கே, ஊரை நோக்கி ஓடியதால் அதிர்வின் முழு வேகமும் ஊருக்குள் திரண்டு இறங்கியது. ஊரிலிருந்த அளவுமானியில் செங்குத்து முடுக்கம் ஏறக்குறைய புவியீர்ப்பின் அளவை எட்டியது. கட்டடத்தின் மொத்த எடையையும் ஒரு கணம் தூக்கிவிட்டு மறுகணம் இரட்டிப்பாக்கி இறக்கினால் பலமில்லாத சுவர் என்ன ஆகும் என்று பொறியாளர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பலத்த அதிர்வு பத்துப் பதினைந்து வினாடி இருந்திருக்கும். நண்பர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. அளவு நடுத்தரம் என்றாலும் அடி கடுமையானது. ஆனால் 26,000 என்ற எண்ணிக்கைக்கு அடியின் கடுமை மட்டுமே காரணம் என்றால் நான் ஏற்க மாட்டேன்.

டிசம்பர் 27, இரவு 10.40

மண்வீடு. கேள்வி கேட்டவர் இதைத்தான் குத்திக் காட்டினார், நானும் இதுவரை தள்ளிப்போட்டு வந்தேன்.

பாலைவனத்தில் மண் முட்டாள்தனமல்ல. மரம் கிடையாது, சுட்ட செங்கல்லுக்கு விறகு கிடையாது. அரை மீட்டருக்கு மேல் தடித்த மண்சுவரும் குவிந்த கூரையும் பகலில் வெப்பத்தையும் இரவில் குளிரையும் தடுத்து நிறுத்தும். மின்விசிறியே இல்லாத அறையில் ஜூலை மாதப் பிற்பகலில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே கண் திறக்க முடியாத அனல். உள்ளே சட்டை நனையவில்லை.

ஆனால் அந்தத் தடிமன்தான் கொல்கிறது. கூரையில் ஒழுகல் வரும்போதெல்லாம் மேலே இன்னொரு பூச்சு மண் பூசுவார்கள். தலைமுறை தலைமுறையாக எடை ஏறிக்கொண்டே போகும். கான்கிரீட் சரிந்தால் பாளம் பாளமாக விழும், இடையில் ஆள் ஒடுங்கிக் கிடக்கப் பொந்து கிடைக்கும், காற்று வரும். பச்சை மண் கட்டடம் சரிந்தால் தூளாகிறது. மூக்கையும் வாயையும் அடைத்துவிடுகிறது. பாமில் நசுங்கி இறந்தவர்களோடு மூச்சடைத்து இறந்தவர்களும் ஏராளம். உலகமெங்கிலுமிருந்து மீட்புப் படைகள் வந்தும் உயிரோடு எடுத்தவர்கள் குறைவு. எட்டு நாள் கழித்து 97 வயது மூதாட்டி ஒருவர் உயிரோடு மீட்கப்பட்டார். சுற்றி விழுந்த சாமான்கள் அவருக்குக் கொஞ்சம் இடம் விட்டிருந்தன.

என்னை வண்டியில் அழைத்துப் போகும் பெரியவர் கெர்மான்காரர். நான் அவரை ஹாஜி ஆகா என்பேன், அவர் என்னை மொஹன்தெஸ் என்பார். அங்கே பொறியாளர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நிலநடுக்கத்தின் மறுநாள் போர்வைகள் ஏற்றிக்கொண்டு பாமுக்குப் போனவர் அவர். வண்டியில் எப்போதும் ஈரஜ் பஸ்தாமியின் பாட்டு ஓடும். பாமில் பிறந்த பாரசீகச் செவ்வியல் பாடகர், அந்த விடியற்காலையில் அதே ஊரில் இறந்தார். ஊர் எல்லை வந்ததும் பெரியவர் பாட்டை நிறுத்திவிடுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

டிசம்பர் 28, காலை 6.50

நேற்றிரவு எழுதியதை மறுபடி படித்தேன். எல்லாப் பழியும் மண்மேல் விழுவதுபோல் ஆகிவிட்டது. அது முழுக் கதையல்ல.

பாமில் பல வீடுகள் மண்வீடுகளே அல்ல. எழுபதுகளுக்குப் பிறகு கட்டிய, பார்வைக்குப் புதிய, செங்கல்லும் இரும்பும் கொண்ட வீடுகளும் சரிந்தன. அவற்றின் கூரை ஜாக் ஆர்ச். இரும்புத் தூலங்களை ஒரு மீட்டர் இடைவெளியில் வரிசையாக வைத்து, நடுவே செங்கல்லைத் தாழ்ந்த வளைவாக அடுக்குவது. நம் ஊரில் பழைய ரயில்வே கட்டடங்களில் அண்ணாந்து பார்த்தால் தெரியும். அதிர்வு இல்லாத ஊரில் நூறாண்டு நிற்கும். அதிர்வு வந்தால் தூலங்கள் பக்கவாட்டில் ஒன்றுக்கொன்று விலகுகின்றன. அரை அங்குலம் விலகினால் போதும், வளைவுச் செங்கல் மொத்தமாகக் கீழே கொட்டிவிடும்.

இதற்குத் தீர்வு மலிவானது. தூலங்களுக்குக் குறுக்கே இரும்புப் பட்டையோ கம்பியோ வைத்துப் பற்றவைத்து எல்லாவற்றையும் ஒரே தட்டாகக் கட்ட வேண்டும். தூலத்தின் நுனி சுவர்மேல் சும்மா உட்காராமல் சுவரைச் சுற்றிவரும் கான்கிரீட் பட்டையில் பிணைந்திருக்க வேண்டும். ஈரானின் 2800 எண் கட்டட விதியில் இது இருக்கிறது. பாம் இடிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இருந்தது. விதி காகிதத்தில் இருந்தது, பற்றவைப்பு கட்டடத்தில் இல்லை.

மறுபடி கட்டிய வீடுகளில் ஒன்றைப் பார்த்தேன். சுவர் இன்னும் எழும்பாத நிலை. இரும்புச் சட்டகத்தின் நடுவே பெருக்கல் குறியாகக் கம்பிகள். மூலைத் தகட்டில் பற்றவைப்புக் கோடு சீராக, இடைவெளியின்றி ஓடியிருந்தது. விரலால் தடவிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் சின்னக் குழி தட்டியது. வெல்டர் பையனிடம் காட்டினேன். அவன் மறுபேச்சுப் பேசாமல் முகமூடியைப் போட்டுக்கொண்டு அந்த இடத்தைத் தேய்த்துவிட்டு மறுபடி ஓட்டினான். அவன் வீட்டில் யார் யாரை இழந்தான் என்று ஹாஜி ஆகா பிறகு சொன்னார். அதை இங்கே எழுத விரும்பவில்லை.

டிசம்பர் 28, மாலை 5.15

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "பிளவு அங்கே இருந்தது தெரியும் என்று நீங்களே சொல்கிறீர்கள். தெரிந்தும் குடியிருந்தால் அது யார் தவறு?"

இரண்டு விஷயம். முதலாவது, அந்தப் பிளவின் மலைப்புறத்தில் பாமும் எதிர்ப்புறத்தில் பராவத்தும் வாழ்ந்த அத்தனை நூற்றாண்டுகளில் பாமை அழித்த நிலநடுக்கம் ஒன்றுகூட வரலாற்றுப் பதிவில் இல்லை. அர்க்-ஏ பாம், உலகின் மிகப் பெரிய மண்கோட்டை, அதற்குச் சாட்சியாக நின்றுகொண்டிருந்தது. கோட்டையே நிற்கிறது, நம் வீடு நிற்காதா என்று ஒரு மனிதர் நினைத்தால் அது அறியாமையல்ல. கண்ணால் கண்ட ஆதாரம்.

இரண்டாவது, 2003இல் உடைந்தது அந்த மேடே அல்ல. ஐரோப்பாவின் என்விசாட் செயற்கைக்கோள் நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த ரேடார் படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கணக்கிட்டபோது, நிலம் பெயர்ந்த இடம் வரைபடத்தில் குறித்திருந்த பிளவுக்குச் சுமார் 4 கிலோமீட்டர் மேற்கே இருந்தது. ஊரின் தெற்கிலிருந்து ஊருக்குக் கீழேயே வரும் கோடு. அப்படி ஒரு பிளவை யாரும் வரைந்து வைத்திருக்கவில்லை. ஆழத்தில் 2 மீட்டருக்கு மேல் நிலம் பக்கவாட்டில் பெயர்ந்திருக்கிறது. தரைக்கு மேலே தெரிந்தது மெல்லிய விரிசல்கள். அடியில் நடந்த பெயர்ச்சி மேலே வந்து சேரவே இல்லை. உலகெங்கும் நிலநடுக்க ஆய்வாளர்கள் இதைத் தலையில் கைவைத்துக்கொண்டு படித்தார்கள். மேற்பரப்பில் தழும்பே இல்லாத பிளவு ஒரு நகரத்தை அழிக்க முடியும் என்றால், தழும்பைத் தேடி ஆபத்தைக் கண்டுபிடிக்கும் வேலை எவ்வளவு குறையுடையது என்று பாருங்கள்.

ஆய்வாளர்களுக்கே தெரியாததை பேரீச்சைத் தோட்டக்காரர் தெரிந்து வைத்திருக்க வேண்டுமா?

டிசம்பர் 28, மாலை 6.00

பாம் அதிர்ந்தது அணுகுண்டுச் சோதனையால் என்று எழுதியவருக்கு: ஈரானில் நிலம் அதிரும்போதெல்லாம் இந்தப் புரளி கிளம்புகிறது. வெடிப்பு எல்லாத் திசைகளிலும் வெளியே தள்ளும். பிளவு உடைந்தால் ஒரு பக்கம் தள்ளும், ஒரு பக்கம் இழுக்கும். அதிர்வுமானிகளில் இரண்டும் வேறு வேறாகப் பதியும். பாமில் பதிந்தது பிளவு. இந்தப் பேச்சை இத்தோடு விடுவோம்.

டிசம்பர் 29, காலை 9.30

கோட்டையைப் பற்றிக் கொஞ்சம். கேட்டவர்கள் பலர்.

அர்க்-ஏ பாமின் தொடக்கம் கி.மு. 6 முதல் 4ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிப் போகிறது. செழிப்பு 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. வணிகப் பாதைகள் கூடுமிடம். பட்டுக்கும் பருத்தித் துணிக்கும் பெயர்பெற்ற ஊர். 2003இல் அதன் பெரும்பகுதி மண்குவியலாகிவிட்டது. 2004இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோதே ஆபத்திலுள்ளவை என்ற பட்டியலிலும் சேர்த்தது. 2013இல் அந்த இரண்டாவது பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

நான் போனபோது சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. முற்றம் முழுக்கச் சுடாத மண்கல் காயவைத்திருந்தார்கள். மண்ணோடு பேரீச்சை நாரைக் கலந்து அறுத்த கல். ஓரத்தில் உடைந்து கிடந்த ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கல் இரண்டாகப் பிளந்திருந்தும் கையில் பிரியவில்லை, நார்கள் இரு பாதியையும் பிடித்துக்கொண்டிருந்தன. பலமாக இழுத்தால்தான் நார் மண்ணைவிட்டு உருவி வந்தது. மண்ணுக்கு இல்லாத இழுவைத் தாங்கலை அந்த ஊர் மரமே தருகிறது. முந்தாநாள் மண்ணைப் பற்றி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்.

அந்த மரத்துப் பழம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நோன்புக் காலத்தில் நம் கடைகளில் குளிர்பெட்டியில் வைத்து விற்பார்களே, கறுப்பாக, மெத்தென்று, தொட்டால் தோல் கழன்றுவிடும் ஈரான் பேரீச்சை. மசாஃபதி வகை. அதற்குப் பேர்போன ஊர் பாம். நிலநடுக்கத்தில் கனாத்துகள் பல இடங்களில் உள்ளே சரிந்து அடைத்துக்கொண்டன. வீடு போனவர்கள் கூடாரத்தில் இருந்துகொண்டே கனாத்தைத் தூர்வாரும் வேலைக்கு அவசரப்பட்டார்கள். மரம் காய்ந்தால் மறுபடி பலன் தரும் மரமாக வளர்க்கப் பல ஆண்டுகள் ஆகும், ஊருக்குப் பிழைப்பு இல்லாமல் போகும். கனாத் தோண்டுகிறவர்கள் வெள்ளை உடுத்தித்தான் உள்ளே இறங்குவது அங்கே பழைய வழக்கம். இறங்கிய இடமே சமாதியானால் கோடித்துணியாக இருக்கட்டும் என்று. பின்னதிர்வுகள் ஓயாத அந்த மாதங்களில் உள்ளே இறங்கிய மனிதர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

டிசம்பர் 30, இரவு 8.20

"சரி, ஊரை அப்படியே வேறிடத்துக்கு மாற்றியிருக்கலாமே" என்று கேள்வி கேட்டவர் இன்னொரு முறை. கோபமாக இல்லாமல் கேட்டிருக்கிறார், நானும் அப்படியே சொல்கிறேன்.

இடிந்த பிறகு இந்தப் பேச்சு அங்கேயும் எழுந்ததாக ஹாஜி ஆகா சொன்னார். ஆனால் தோட்டமும் கனாத்தும் நகராது. தோட்டத்துக்கு இரவில் தண்ணீர்முறை வரும்போது மடை திருப்ப ஆள் வேண்டும். இருபது கிலோமீட்டர் தள்ளிக் குடியமர்த்தினால் ஓராண்டில் தோட்டத்தோரம் குடிசை முளைக்கும், அடுத்த ஆண்டு அது வீடாகும். சுனாமிக்குப் பின் கடலைவிட்டுத் தள்ளிக் கட்டிய குடியிருப்புகளில் நம் மீனவர்கள் பட்ட பாட்டை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

மேலும், ஈரானில் பிளவைவிட்டு விலகி எங்கே போவது? டெஹ்ரானே அப்படி வந்த ஊர். எல்பர்ஸ் மலையடிவாரத்தில், மலைநீரை நம்பிய சிற்றூராகத் தொடங்கி இன்று ஒரு கோடி மக்களை நெருங்குகிறது. வடக்கு ஓரத்தில் பிளவு, சற்றுத் தள்ளி மோஷா பிளவு. மோஷா பக்கம் 1830இல் பெரிதாக அதிர்ந்தது. தண்ணீரைத் தேடிப் பிளவோரம் வந்த நூறு பேர் ஊர், காலப்போக்கில் லட்சம் பேர் ஊராகிறது; ஆபத்தும் அதே அளவுக்குப் பெருகுகிறது. இடம் பழையது, கூட்டம் புதிது.

அதனால்தான் நான் திரும்பத் திரும்பக் கட்டடத்துக்கே வருகிறேன். இருக்கும் இடத்திலேயே, இருக்கும் பணத்துக்குள், தலைமேல் விழாத கூரை. ஃபந்தோகாவில் 5 பேர் என்பதற்கு அங்கே ஊர் சிறியது என்பதும் ஒரு காரணம், அதை மறைக்கவில்லை. ஆனால் கலிபோர்னியாவில் 2 பேர் என்பதற்குக் காரணம் கட்டட விதியும் மரச்சட்ட வீடுகளும்.

2025 ஜனவரி 2, காலை 10.00

குஜராத்தின் கட்ச்சில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் தனியாகக் கேட்டதை, எல்லோருக்கும் பயன்படும் என்பதால் அவர் சம்மதத்தோடு இங்கேயே எழுதுகிறேன். "அண்ணா, நான் வாடகைக்கு இருப்பது பழைய கல்வீடு. 2001இல் விழாமல் நின்றது என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்கிறார். நம்பலாமா?"

நம்பாதீர்கள் தம்பி. ஒருமுறை நின்ற சுவர் உள்ளே தளர்ந்திருக்கலாம். அர்க்-ஏ பாமும் நின்றுகொண்டுதான் இருந்தது. கட்ச்சில் பிளவுகள் பெரும்பாலும் பக்கவாட்டு வகையல்ல, ஒன்றன்மேல் ஒன்று ஏறும் வகை. ஆனால் சுவருக்கு அந்த வேறுபாடு தெரியாது. நாட்டிலேயே நிலநடுக்க ஆபத்து மிகக் கடுமையான பகுதிகளில் ஒன்று அது.

கல்சுவர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது, சுவரின் தடிமன் முழுதும் ஊடுருவும் நீளக் கற்கள் இருக்கின்றனவா என்று. இல்லையென்றால் உட்பக்கமும் வெளிப்பக்கமும் தனித்தனிச் சுவர்களாகப் பிரிந்து ஆளுக்கொரு திசையில் சாயும். 2001இல் பூஜ்ஜிலும் சுற்றுக் கிராமங்களிலும் பெருவாரியான சாவு இப்படித்தான். அடுத்து, கதவு ஜன்னல்களுக்கு மேலே வீட்டைச் சுற்றிவரும் கான்கிரீட் பட்டை இருக்கிறதா? மூன்றாவது, கூரைத் தூலம் சுவர்மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கிறதா, ஏதாவது பிடிமானம் இருக்கிறதா?

அதே கட்ச்சில் பன்னி பகுதியின் புங்கா வீடுகளைப் போய்ப் பாருங்கள். வட்டமான மண்சுவர், மேலே கூம்பாக வேய்ந்த புல்கூரை. 2001இல் பக்கத்துக் கல்வீடுகள் சரிந்தபோது அவற்றில் மிகப் பல நின்றன. மூலையே இல்லாததால் சுவர் மூலையில் பிளக்க வழியில்லை, கூரையும் எடையற்றது. மண்ணிலும் பிழைக்கிற வீடு கட்டலாம் என்பதற்கு அது சாட்சி. மண்கட்டடங்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 13827 இருக்கிறது. கல்சுவருக்கு 13828. கொத்தனாருக்கும் புரியும் படங்களோடு இருக்கும்.

படுக்கையை இப்போதைக்கு வெளிச்சுவரை ஒட்டிப் போடாதீர்கள். பரணில் கனமான பெட்டிகள் இருந்தால் இன்றே கீழே இறக்குங்கள். சுவரின் நாலு மூலைகளையும், தூலம் சுவரில் இறங்கும் இடங்களையும் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். ஊடுகல் தெரிகிற மாதிரி வெளிப்புறத்திலிருந்தும் ஒன்று வேண்டும். பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.